கடைசி ரீலில் ஏன் அழுகிறோம்?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எத்தனை முறை பார்த்தாலும் அழவைக்கும் பட முடிவுகளைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஐயா, நீங்க மட்டும் மேடையில அழுதுடாதீங்க" என்றார். முடிந்தவரை பார்க்கிறேன். (சிரிப்பு)

இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. என் அப்பா வட ஆற்காடு பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தார். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஒற்றை மெஷின். மெஷின் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை வரும். மூன்று, நான்கு இடைவேளை சாதாரணம். முறுக்கு விற்கிறவருக்கு அதில் சந்தோஷம்தான். எரிந்து தீர்ந்த கார்பன் குச்சிகளைப் பொறுக்கி வந்து சுவரில் படம் வரைவது என் வேலை. சினிமாவை நான் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததைவிட, ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகப் பார்த்ததே அதிகம். அந்த ஓட்டையில் திரை மட்டும் தெரியாது. திரை வெளிச்சம் பட்ட ஜனங்களின் முகமும் தெரியும், யாராவது பக்கத்து ஆளிடம் பேசத் திரும்பும்போது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி இடைவேளை முடிந்தால் வாசலில் டிக்கெட் கேட்க ஆள் இருக்காது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். 'பாசமலர்' நான்கு நாள் ஓடியது. 1961இல் வந்த படம், எங்கள் ஊருக்கு எத்தனையாவது தடவையாகவோ வந்திருந்தது. நான்கு நாளும் ஓர் ஆயா, சரியாகக் கடைசி ரீலுக்கு வந்து மணலைக் குவித்து உட்காருவார். அழுவார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். நான்காம் நாள் நான் கேட்டேன்: "ஏன் ஆயா, முழுப் படமும் பார்க்காம சாகிற சீன மட்டும் பார்க்க வர்ற?"

ஆயா சொன்னார்: "செத்ததுக்கு யாரு கண்ணு அழுதா? கண்ணு போனவன், தங்கச்சிதான் வந்திருக்கான்னு தெரிஞ்சுக்கிறான் பாரு. அதுக்குத்தான்."

தங்கையின் குழந்தையைப் பட்டாசு விபத்திலிருந்து காப்பாற்றப் போய்க் கண்ணை இழந்த அண்ணன் சிவாஜி. ஓடி வருகிற தங்கை சாவித்திரி. குழந்தைகள் கைவீசி விளையாடும் பாட்டு ஒன்று அவர்களுடைய கடைசி நேரத்தில் திரும்ப வருகிறது. இருவரும் இறந்துபோகிறார்கள். நாமெல்லாம் அந்தச் சாவுக்கு அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆயா வேறு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கு சரி என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றதெல்லாம் அதற்கான சாட்சியம்.

யோசித்துப் பாருங்கள். சினிமாவில் சாவுக்கா பஞ்சம்? சண்டைக் காட்சியில் நாற்பது பேர் விழுகிறார்கள், நாம் பாப்கார்ன் கொறிக்கிறோம். சாவு மட்டுமே கண்ணீருக்குக் காரணமென்றால் அடிதடிப் படங்களில்தான் நாம் அதிகம் அழ வேண்டும்.

நம் தமிழில் இதைப் பற்றி மிகப் பழைய, மிகத் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. தொல்காப்பியம், பொருளதிகாரம், மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கு அடுத்து நிற்பது அழுகை. அது பிறப்பதற்கு நான்கு இடம் சொல்கிறார் தொல்காப்பியர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறரால் இகழப்பட்டு எளியவனாகிப் போவது. இழவு நமக்குத் தெரியும், உறவையோ உடைமையையோ இழப்பது. அசைவு, முன்பு இருந்த நல்ல நிலை கெட்டு வேறாகிப் போவது. வறுமை என்றதும் காசில்லாமை என்று நினைப்போம். பழைய உரை அதை அனுபவிக்கக் கிடைக்காமலே போன ஆசை என்று விரிக்கிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிற்பது இழவு இல்லை, இளிவு. செய்யுளின் ஓசைக்காக அப்படி அமைந்தது என்று புலவர்கள் சொல்லலாம். இருக்கட்டும். கொட்டகையில் நான் பார்த்த முகங்களை வைத்துச் சொல்கிறேன், வரிசை சரியாகத்தான் இருக்கிறது. நமக்கு வேண்டிய ஒருவனை இன்னொருவர் இன்னான் என்று தெரியாமல் இளக்காரமாகப் பார்க்கிற நிமிடம்தான் நம்மை முதலில் உடைக்கிறது. தெரிந்துகொள்கிற நிமிடம் அதைவிட அதிகமாக உடைக்கிறது.

முதல் சாட்சி சார்லி சாப்ளின். 'சிட்டி லைட்ஸ்', 1931. பேசும் படம் வந்து நான்கு வருஷம் ஆன பிறகும் பிடிவாதமாக எடுத்த மௌனப் படம். பார்வையில்லாத பூக்காரப் பெண் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறாள். நாடோடி சார்லி அவளிடம் ஒரு பூ வாங்குகிறான். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டு, பூ வாங்கிய பணக்காரர் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறாள். அவன் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்காமல் பூனை மாதிரி நகர்ந்துவிடுகிறான். இந்தச் சின்னக் காட்சியை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப எடுத்தார் சாப்ளின். மௌனப் படத்தில் ஒரு சத்தத்தால் உண்டாகும் தவறைக் காட்ட வேண்டும், சும்மாவா? ஆனால் அந்த ஒரு தவறு சரியாக விழுந்தால்தான் கடைசிக் காட்சி நிற்கும். அதனால்தான் அத்தனை பாடு.

அவள் கண் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தாலேயே ஜெயிலுக்குப் போகிறான். திரும்பி வரும்போது கிழிந்த கால்சட்டை, கேலி செய்யும் தெருப் பையன்கள். அவள் இப்போது பூக்கடை வைத்திருக்கிறாள், பார்வை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதுதான் இளிவு. யாருக்காக ஜெயிலுக்குப் போனானோ அவளே சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அவன் ஓடப் பார்க்கிறான். கையைப் பிடித்துக் காசை வைக்கிறாள். அவ்வளவுதான், விரல் நின்றுபோகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் கை தெரிந்துகொள்கிறது. கை மெல்ல மேலே போகிறது, கோட்டைத் தடவுகிறது. மூன்று சின்ன எழுத்து அட்டைகள், இரண்டு கேள்வி, ஒரு பதில். பூவை வாயருகே வைத்துக்கொண்டு சிரிக்கிற அவன் முகத்தில் படம் முடிகிறது. கல்யாணம் ஆனதா, சேர்ந்தார்களா? சாப்ளின் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும்.

இரண்டாவது சாட்சி நம் வீட்டுப் படம். பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை', 1982. கமல்ஹாசனுக்கு நடிப்புக்கும் பாலுமகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். விபத்தில் நினைவு பிசகி, குழந்தையாகிப்போன ஒரு பெண். ஊட்டிப் பக்கம் பள்ளி வாத்தியாராக இருக்கும் சீனு அவளை விஜி என்று பெயர் சொல்லி வளர்க்கிறான். ஆமாம், வளர்க்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் சிகிச்சை பலிக்கிறது. பழைய நினைவு வருகிறது, நடுவில் இருந்த சீனு அழிந்துபோகிறான். மழையில் கேத்தி ரயில் நிலையம். சேறும் அடியுமாக நொண்டிக்கொண்டு ஓடி வருகிறான். பெற்றோரோடு ரயிலில் அவள். வீட்டில் அவளைச் சிரிக்கவைத்த குரங்கு வேஷத்தைப் பிளாட்பாரத்தில் போடுகிறான். சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறான், கரணம் போடுகிறான். யாரோ பைத்தியம், பாவம் பிச்சைக்காரன் என்று அவள் பார்க்கிறாள். ரயில் புறப்பட்டுவிடுகிறது. துரத்தி ஓடுகிறவன் கம்பத்தில் மோதி விழுகிறான்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பார்வை வந்தவள் கண்ணால் தெரிந்துகொள்ள முடியாததைக் கையால் தெரிந்துகொள்கிறாள். இங்கே ரயில் பெட்டியின் ஜன்னல் நடுவில் நிற்கிறது, கை எட்டவில்லை. சாப்ளின் திறந்த கதவை பாலுமகேந்திரா சாத்திவிட்டார். ஒன்றில் தெரிந்துகொண்டதற்கு அழுகிறோம், மற்றதில் தெரிந்துகொள்ளாததற்கு அழுகிறோம். இரண்டு படத்தின் முடிவிலும் யாரும் சாகவில்லை.

சாகாதது மட்டுமில்லை. 'மூன்றாம் பிறை'யில் நியாயமாக எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. பெண் குணமாகிவிட்டாள், பெற்றோரிடம் சேர்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் நடந்தால் சர்க்கரை கொடுத்துக் கொண்டாடுவோம். ஆனாலும் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்குள் கைவிட்டு அவளை உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்ல முடியாத அந்த வார்த்தைதான் கண்ணீராக வருகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது சாட்சி இத்தாலியிலிருந்து. விட்டோரியோ டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. போர் முடிந்த ரோம் நகரம், எங்கும் வேலையில்லாக் கூட்டம். ஓர் அப்பாவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகுவைத்து சைக்கிளை மீட்கிறார்கள். முதல் நாளே திருட்டுப் போகிறது. அப்பாவும் சின்ன மகன் புருனோவும் ஊர் முழுக்கத் தேடி அலைகிறார்கள். கடைசியில் அந்த அப்பாவே ஒரு சைக்கிளைத் திருட முயன்று மாட்டிக்கொள்கிறார். கூட்டம் பிடித்து அடிக்கிறது. புருனோ பார்க்கிறான். கீழே விழுந்த அப்பாவின் தொப்பியை எடுத்து, தூசு தட்டிக் கையில் வைத்துக்கொள்கிறான். பையன் முகத்தைப் பார்த்த சைக்கிள்காரர் விட்டுவிடச் சொல்கிறார். அப்பாவும் பிள்ளையும் கூட்டத்தோடு நடக்கிறார்கள். அப்பா அழுகிறார். பையன் கை அப்பாவின் கைக்குள் போகிறது. அப்பாவாக நடித்தவர் நடிகரே இல்லை, நிஜமாகவே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி.

தொல்காப்பியர் சொன்ன நான்கும் இந்த ஒரு தெருவில் இருக்கின்றன: கூட்டத்தின் அடி இளிவு, போன சைக்கிள் இழவு, யோக்கியன் திருடனானது அசைவு, மீதி வறுமை. ஆனால் நமக்குக் கண்ணீர் வருவது அடி விழும்போது இல்லை, பையன் கையை நீட்டும்போதுதான். அப்பா யார் என்று அவனுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கையைக் கொடுக்கிறான். 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், எடுத்தால் இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை.

இனி அடுத்த கேள்வி. முடிவு தெரிந்த பிறகும் ஏன் ஒவ்வொரு முறையும் அழுகிறோம்? துப்பறியும் கதையைக் கொலையாளி யாரென்று தெரிந்தபின் படிக்கச் சுவையில்லை. இது மட்டும் ஏன் தீரவில்லை?

எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கர்ணன் சாவான் என்று தெரியாமலா ஊரே விடிய விடிய 'கர்ண மோட்சம்' பார்க்கிறது? அரிச்சந்திரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மயானத்தில் பிணம் சுடக் கூலி கேட்கிறான். பிள்ளையின் உடலோடு நிற்கும் மனைவியிடம் எதுவும் இல்லை. கழுத்துத் தாலியைக் கேட்கிறான். அது கட்டியவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி. அவள் நடுங்கிப்போகிறாள், இவன் யாரென்று தெரிந்துபோகிறது. இதுவும் தெரிந்துகொள்ளும் காட்சிதான். சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்து, அதை நினைத்து நினைத்து அழுததாகக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1913இல் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படமும் 'ராஜா அரிச்சந்திரா'தான். நம் சினிமா பிறந்ததே இந்தக் கண்ணீரில்தான்.

கர்ணனும் அப்படியே. 1964இல் பந்துலு எடுத்த 'கர்ண'னில், போர்க்களத்தில் விழுந்துகிடக்கும் மகனைக் குந்தி ஊரறிய மடியில் போட்டு மகனே என்கிறாள். பாண்டவர்கள் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள், தாங்கள் கொன்றது அண்ணனை என்று. அம்பு பட்டதற்கு அழுகிறவர்கள் குறைவு. வாழ்நாள் முழுக்கத் தேரோட்டி மகன் என்று கேலி கேட்டவனை, காது மூடும் நேரத்தில் மகனே என்று கூப்பிட்டதற்கு அழுகிறவர்கள்தான் அதிகம். 2012இல் அந்தப் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. முடிவு தெரியாதவர்கள் யாராவது அந்த அரங்குகளுக்குப் போயிருப்பார்களா?

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. நல்ல முடிவு கடைசி ரீலில் பிறப்பதில்லை, நடுவிலேயே விதைத்துவிடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சிரிப்பாக விதைக்கிறார்கள். 'மூன்றாம் பிறை'யை முதல்முறை பார்க்கும்போது வீட்டில் சீனு செய்யும் சேட்டைகளுக்குச் சிரிப்போம். இரண்டாம் முறை பாருங்கள், அந்தச் சிரிப்புக் காட்சியிலேயே கண் கலங்கும். அந்தக் குரங்கு வேஷம் எங்கே போய் நிற்கப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியாது. முதல்முறை கடைசிப் பத்து நிமிஷம்தான் அழுகிறோம். அடுத்த முறைகளில் படம் முழுக்க அழுகிறோம். தெரிந்த கதை அழுகையைக் குறைப்பதில்லை, முன்னாடியே தொடங்கிவைக்கிறது.

சந்தோஷத்தில் வரும் கண்ணீரை விட்டுவிடாதே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அதற்கும் தமிழில் பெயர் உண்டு, உவகைக் கலுழ்ச்சி. புறநானூற்றில் ஒரு துறையே அந்தப் பெயரில் இருக்கிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொன்னதைக் கேட்ட முதிய தாய் வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்துகிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். மகன் போன துயரத்தைவிட, மகன் யார் என்று தெரிந்த நிம்மதி பெரிது. பாட்டின் தர்மம் நமக்கு இன்று ஒப்பாமல் இருக்கலாம். அந்தத் தாயின் மனக்கணக்கு எங்கள் ஆயாவுக்கும் புரிந்திருக்கும்.

ராயின் 'அபுர் சன்சார்', 1959, இந்த வகைக்கு என் சாட்சி. பிரசவத்தில் மனைவி இறந்துபோனதால் பிள்ளையின் முகத்தையே பார்க்காமல் ஐந்து வருஷம் திரிந்த அப்பு, கடைசியில் மகனைத் தேடி வருகிறான். பையன் கல்லை எடுத்து எறிகிறான். அப்பனென்று ஒப்பவில்லை. நீ யார் என்று கேட்கிறான், நண்பன் என்கிறான் அப்பு. என்னை அப்பாவிடம் கூட்டிப்போவாயா? கூட்டிப்போகிறேன். அவ்வளவுதான் பேச்சு. பையன் தோள்மேல் ஏறிக்கொள்கிறான், இருவரும் போகிறார்கள். தான் தேடும் அப்பாவின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று பையனுக்குத் தெரியாது. பின்னால் நின்று பார்க்கும் தாத்தாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். தெரியாததால் 'மூன்றாம் பிறை' கொல்கிறது, அதே தெரியாமை இங்கே ஆசீர்வாதமாகிவிடுகிறது. இனிமேல் தெரிந்துகொள்ள அவனுக்குக் காலம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கண்டிப்பு. அழவைப்பதெல்லாம் நல்ல முடிவு இல்லை. கதாநாயகிக்கு ரத்தப் புற்றுநோய் வைத்து, இருமலில் ரத்தம் காட்டி, வயலினை இழுத்தால் கண்ணில் நீர் வரும். வெங்காயம் நறுக்கினாலும்தான் வரும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். அடுத்த முறை அந்தப் படத்தைப் பாருங்கள். வெங்காயக் கண்ணீர் இரண்டாம் முறை வராது.

அப்பா கதையோடு முடிக்கிறேன். 'மூன்றாம் பிறை' எங்கள் கொட்டகைக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. படம் முடிந்ததும் விளக்கைப் போடுவது என் வேலை. முதல் நாள் ஸ்விட்சில் கைவைத்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "இரு. ஆம்பளைங்க முகத்தத் துடைச்சிக்க வேணாமா?" என்றார். வெள்ளைத் திரை ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும். முழுசாக ஒரு நிமிஷம் கழித்துத்தான் தலையாட்டினார். வெளிச்சம் வந்தபோது ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள்.

இன்றைக்கு நம் வீட்டு டி.வி.யிலும் கைபேசியிலும் அப்படி ஓர் ஆபரேட்டர் இல்லை. கடைசிக் காட்சி மறைவதற்குள் பெயர்கள் சின்னப் பெட்டியாகச் சுருங்கிவிடுகின்றன. அடுத்த படம் இத்தனை விநாடியில் தொடங்கும் என்று எண்ணிக் காட்டுகிறது. அந்தக் கையை நாம்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் சின்னது. இந்த வாரம் இந்தப் படங்களில் ஒன்றை, முன்பே பார்த்த ஒன்றை, வீட்டாரோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் விளக்கைப் போடாமல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பக்கத்தில் யாராவது அழுதால் கேலி செய்யாதீர்கள், அது அப்பாவாக இருந்தால் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.